சர்வர் தொகுதியின் முகவரி மாற்றம்

இந்தியாவில் மழைமானியின் நாளளவு காலை 8.30 மணிக்கு எடுக்கப்படுகிறது. கள ஊழியர் அளவுக் குவளையைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்கிறார். முற்காலத்தில் அவ்வெண் தந்தி வழியாகச் சென்றது. இன்று அது கைப்பேசி வழியாகவோ தானியங்கிக் கருவி வழியாகவோ சென்று, தொலைவிலுள்ள ஓர் அறையில் இரவு பகலாக இயங்கும் கணிப்பொறியில் பதிவாகிறது. பிற கணிப்பொறிகளுக்கும் கருவிகளுக்கும் பணி செய்யும் அத்தகைய கணிப்பொறிக்குச் சர்வர் என்று பெயர். ஒரே சர்வரை நம்பியிருந்தால் அது பழுதுற்ற நாளில் பதிவும் நின்றுவிடும். ஆதலின் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சர்வர்களை ஒன்றாகப் பிணைத்து, ஒன்று வீழ்ந்தால் மற்றொன்று அதன் பணியை மேற்கொள்ளுமாறு அமைக்கிறார்கள். இதுவே கிளஸ்டர் எனப்படும் சர்வர் தொகுதியாகும்.

இத்தகைய தொகுதி ஒரு கணிப்பொறியின் வன்தட்டு பழுதுற்றாலும் தாங்கி நிற்கும். ஒரு பக்கத்து மின்சாரம் தடைப்பட்டாலும் தாங்கி நிற்கும். எனினும், எப்பழுதும் இல்லாமலே, வலையின் முகவரி ஒழுங்கை மாற்றிய இரவில் அது நின்றுபோவது உண்டு. அலுவலகம் வேறு கட்டடத்திற்குப் பெயர்தல், கருவிகள் பெருகி முகவரிகள் போதாமற்போதல், பாதுகாப்பின் பொருட்டுச் சர்வர்களைப் பிற கணிப்பொறிகளினின்று பிரித்து வைத்தல் ஆகிய காரணங்களால் இம்மாற்றம் எந்த நிலையத்திற்கும் ஒரு நாள் வரக்கூடும். அப்போது எவற்றை மாற்ற வேண்டும், எந்த வரிசையில் மாற்ற வேண்டும், அவ்வரிசைக்குக் காரணம் யாது என்பவை இங்கு விளக்கப்படுகின்றன.

முகவரியும் அதன் எல்லையும்

1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் முதல் நம் நாட்டு அஞ்சல் துறை ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண்ணை வழங்கி வருகிறது. அதன் முதல் மூன்று இலக்கங்கள், கடிதம் எந்த வட்டாரத்தில் வகைபிரிக்கப்பட வேண்டும் என்பதைக் காட்டும். கடைசி மூன்று இலக்கங்கள், அவ்வட்டாரத்தில் எந்த அஞ்சலகம் என்பதைக் காட்டும். கடிதத்தைப் பிரிப்பவர் முதலில் முன்பகுதியை மட்டுமே நோக்குகிறார். அது தம் வட்டாரத்து எண்ணாயின் கடிதத்தைத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார். அன்றேல் வெளியூர்ப் பையில் போடுகிறார்.

கணிப்பொறியின் ஐ.பி. முகவரியும் இத்தன்மையதே. 1981-ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்டு இன்றும் பெருவழக்காக உள்ள நான்காம் பதிப்பு முறையில், ஒவ்வொரு முகவரியும் 32 இரும இலக்கங்களால் ஆனது. அவற்றை எட்டெட்டாகப் பிரித்து, ஒவ்வொரு எட்டையும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணாக எழுதி, இடையே புள்ளியிடுவது வழக்கம்; 192.168.40.71 என்பது ஓர் எடுத்துக்காட்டு. இம்முகவரியின் முன்பகுதி வலையைக் குறிக்கும். பின்பகுதி அவ்வலையிலுள்ள தனிக் கணிப்பொறியைக் குறிக்கும்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அஞ்சல் குறியீட்டில் எல்லைக்கோடு மூன்றாம் இலக்கத்திற்குப் பின் நிலையாக நிற்கிறது. ஐ.பி. முகவரியில் அக்கோடு நிலையானதன்று. பெரிய வலையைச் சிறு சிறு துணைவலைகளாக, அதாவது சப்நெட்டுகளாக, பிரிக்கும் முறை 1985-ஆம் ஆண்டில் தரப்படுத்தப்பட்டது. அம்முறைப்படி, கோடு எங்கே விழுகிறது என்பதை மாஸ்க் எனப்படும் மற்றோர் எண் தெரிவிக்கிறது. மாஸ்க்கில் 1 உள்ள இடமெல்லாம் வலைப்பகுதி. 0 உள்ள இடமெல்லாம் கணிப்பொறிப் பகுதி.

255.255.255.0 என்னும் மாஸ்க்கில் முதல் 24 இலக்கங்களும் 1 ஆகும். இதனைச் சுருக்கமாக /24 என எழுதுவர். 255.255.255.192 என்பதில் முதல் 26 இலக்கங்கள் 1 ஆகும். இது /26 எனப்படும். பின்னதில் கணிப்பொறிக்கு எஞ்சியவை 6 இலக்கங்களே. ஆகவே அத்தகைய சப்நெட் ஒன்றில் 64 எண்களே உண்டு. அவற்றுள் முதல் எண் வலையின் பெயராகவும், கடைசி எண் எல்லாருக்கும் பொதுவான அறிவிப்பு முகவரியாகவும் ஒதுக்கப்படுவதால், கருவிகளுக்குக் கிடைப்பவை 62.

ஒரு கணக்கு இதனைத் தெளிவாக்கும். 192.168.40.71 என்னும் முகவரியும் /26 என்னும் மாஸ்க்கும் தரப்பட்டால், கடைசி எட்டு இலக்கங்களை மட்டும் எழுதிப் பார்த்தாற் போதும்.

முகவரி 71: 01000111
மாஸ்க் 192: 11000000
வலை எண் 64: 01000000

மேலுள்ள இரண்டு வரிகளிலும் 1 இருக்குமிடத்தில் மட்டுமே மூன்றாம் வரியில் 1 வரும். எனவே இக்கணிப்பொறி 192.168.40.64 என்னும் சப்நெட்டைச் சேர்ந்தது. அதில் கருவிகளுக்கு உரியவை 65 முதல் 126 வரை. 127 அறிவிப்பு முகவரி. இக்கணக்கைச் செய்யத் தெரிந்தவருக்குப் பின்வரும் பகுதிகள் யாவும் எளிதாம்.

கணிப்பொறி ஒரு செய்தியை அனுப்புமுன் இதே கணக்கைத் தானும் செய்கிறது. பெறுநர் தன் சப்நெட்டில் இருப்பதாகத் தெரிந்தால், ‘இம்முகவரி யாருடையது?’ என்று தன் வலைக்குள் பொதுவாக வினவி, விடையளிக்கும் கருவிக்கு நேரே அனுப்பும். பெறுநர் வெளி வலையில் இருப்பதாகத் தெரிந்தால், கேட்வே எனப்படும் வாயிற்கருவியிடம் ஒப்படைக்கும். மாஸ்க் தவறாயின் இம்முடிவும் தவறாகும். உள்ளூர்க் கடிதம் வெளியூர்ப் பைக்கும், வெளியூர்க் கடிதம் உள்ளூர்ப் பெட்டிக்கும் போய்விடும்.

தொகுதி என்பது ஓர் உடன்பாடு

தனிக் கணிப்பொறி ஒன்றின் முகவரியை மாற்றினால் அதன் விளைவு பெரும்பாலும் அதனோடு முடிகிறது. தொகுதியின் நிலை வேறு. தொகுதியிலுள்ள ஒவ்வொரு சர்வரும், ‘உறுப்பினர் யாவர், அவர்தம் முகவரிகள் யாவை’ என்னும் பட்டியலைத் தன்னிடம் வைத்திருக்கிறது. அவை ஒன்றுக்கொன்று இடைவிடாது சிறு செய்திகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். இவற்றை நாடித்துடிப்பு என்று கூறலாம். ஓர் உறுப்பினரின் துடிப்பு சில விநாடிகள் கேளாவிடில், அது வீழ்ந்துவிட்டதாக ஏனையவை முடிவு செய்யும்.

இங்கே ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. துடிப்பு கேளாமைக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். எதிரிலுள்ள சர்வர் உண்மையிலேயே வீழ்ந்திருக்கலாம். அல்லது அது நலமாக இருக்க, இடையிலுள்ள வழி மட்டும் அறுந்திருக்கலாம். இவ்விரண்டையும் உள்ளிருந்து பிரித்தறிய இயலாது. வழி அறுந்த நிலையில் இரு பக்கமும், ‘மற்றவர் வீழ்ந்தார், இனி நானே தலைவன்’ என்று கருதினால், ஒரே பதிவேட்டில் இருவரும் ஒருவரையொருவர் அறியாமல் எழுதத் தொடங்குவர். ஒரு கிராமத்தின் மழையளவு ஓரிடத்தில் 42 மில்லிமீட்டர் எனவும், அதே வரிசை எண்ணில் மற்றொரு கிராமத்தின் அளவு வேறாகவும் பதியும். ஒரே வன்தட்டை இருவரும் பகிர்ந்துகொண்டிருப்பின் அதிலுள்ள பழைய பதிவுகளும் சிதையும். இதனை இருதலை நிலை என்பர். சேவை நின்றுபோனால் மறுபடி தொடங்கலாம். சிதைந்த பதிவை மீட்பது அரிது. ஆகவே தொகுதிகளின் அமைப்பு விதிகளெல்லாம் இந்த ஒரு தீங்கைத் தடுப்பதையே முதல் நோக்கமாகக் கொண்டுள்ளன.

தடுப்பு முறைகள் இரண்டு. முதலாவது பெரும்பான்மை விதி. கூட்டங்களில் குறைவெண் எனப்படும் கோரம் நிறைந்தாலன்றித் தீர்மானம் செல்லாது என்பது போல, உறுப்பினருள் பாதிக்கு மேற்பட்டோர் ஒருவரையொருவர் காணும் பக்கமே பணியைத் தொடரலாம். மூவருள் இருவர், ஐவருள் மூவர் என்பது கணக்கு. ஒரே வேளையில் இரண்டு பக்கங்களுக்குப் பெரும்பான்மை இருத்தல் இயலாதாகையால் இருதலை நிலை தோன்றாது. இருவர் மட்டுமே உள்ள தொகுதியில் இவ்விதி உதவாது; ஆங்கு மூன்றாவதாக ஒரு நடுவரை அமைப்பது நன்று.

இரண்டாவது முறை வேலியிடல். துடிப்பு கேளாத சர்வரின் மின்சாரத்தையே, அதன் மேலாண்மைக் கட்டுப்பாட்டுப் பலகை வழியாக, ஏனைய சர்வர்கள் துண்டித்துவிடும். அது உறுதியாக நின்றுவிட்டது என்று தெரிந்த பின்னரே அதன் பணியை மற்றொன்று ஏற்கும்.

பாதி மாறிய நிலை

இனி ஓர் எடுத்துக்காட்டைக் கொள்க. மழையளவுகளைத் திரட்டும் நிலையம் ஒன்றில் மூன்று சர்வர்கள் உள்ளன. பழைய சப்நெட் 192.168.10.0/24. சர்வர்களின் முகவரிகள் முறையே 11, 12, 13 என முடிகின்றன. கள ஊழியர்கள் இம்மூன்றையும் அறியார். அவர்கள் அறிந்தது 192.168.10.20 என்னும் மிதக்கும் முகவரி ஒன்றே. அது எந்த நேரத்தில் எந்தச் சர்வர் பணியில் உள்ளதோ அதனிடம் இருக்கும். இப்போது இவை யாவும் 192.168.40.64/26 என்னும் புதிய சப்நெட்டுக்கு மாற வேண்டும். புதிய கேட்வே 192.168.40.65.

இவ்வேளையில் நேரும் தவறுகள் பெரும்பாலும் மூன்று வகையின.

முதலாவது, பழக்கத்தால் நேரும் தவறு. பழைய ஈற்றெண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்று கருதி 192.168.40.11 என்று முகவரி இட்டால், மேற்காட்டிய கணக்கின்படி 11 என்பது 0 முதல் 63 வரையுள்ள வேறு சப்நெட்டில் விழுகிறது. கேட்வேயோ 65. தன் சப்நெட்டிலேயே இல்லாத வாயிலை அச்சர்வர் அடைய முடியாது. ஆகையால் புதிய முகவரிகள் 71, 72, 73 எனவும், மிதக்கும் முகவரி 80 எனவும், கட்டுப்பாட்டுப் பலகைகள் 91, 92, 93 எனவும் அமைக்கப்படுவதாகக் கொள்க. இவை யாவும் 65-க்கும் 126-க்கும் இடைப்பட்டவை.

இரண்டாவது, மாஸ்க்கை மறத்தல். 71 என்னும் சர்வருக்கு முகவரியைச் சரியாக இட்டு, மாஸ்க்கைப் பழைய /24 ஆகவே விட்டுவிட்டால் விளைவு வியப்பளிக்கும். 72, 73 ஆகியவற்றோடு அது நன்கு உரையாடும். தொகுதி நலமாக இருப்பதாகவே தோன்றும். மிகத் தொலைவிலுள்ள 192.168.50 வலையின் கணிப்பொறிகளும் கேட்வே வழியாக அதனை அடையும். ஆனால் அதே கட்டடத்தில் 192.168.40.150 என்னும் கணிப்பொறி முன் அமர்ந்திருப்பவருக்கு மட்டும் விடை வாராது. ஏனெனில், 150 தன் வலையிலேயே இருப்பதாகச் சர்வர் தவறாகக் கருதி, வாயிலிடம் ஒப்படைக்காமல், உள்ளேயே வினவிக்கொண்டிருக்கும். முழுதும் நின்ற பழுதை உடனே கண்டுபிடிக்கலாம். சிலருக்கு மட்டும் நேரும் இத்தகைய பழுதே நாட்கணக்கில் அலைக்கழிக்கும். அண்டையிலிருப்பவருக்கு மட்டும் தொடர்பு அறுந்திருந்தால் முதலில் மாஸ்க்கை நோக்குக.

மூன்றாவது, ஒவ்வொன்றாக மாற்றுதல். முதற் சர்வரின் முகவரியை மட்டும் மாற்றியவுடன், மற்ற இரண்டின் பட்டியலில் அதன் பழைய முகவரியே உள்ளதாகையால் துடிப்பு அறுகிறது. இருவர் பெரும்பான்மையாக நின்று, முதற் சர்வரை வீழ்ந்ததாகக் கருதி, அதன் மின்சாரத்தைத் துண்டிப்பர். முன்னே அமர்ந்து வேலை செய்துகொண்டிருப்பவரின் கண்ணெதிரே அது அணைந்துபோகும். இதனைப் பழுதெனக் கொண்டு இரண்டாவதையும் மாற்றினால், எப்பக்கத்திலும் பெரும்பான்மை இன்றித் தொகுதி முழுவதும் நின்றுவிடும். சினமுற்றுப் பெரும்பான்மை விதியையே நீக்கிவிடுவோரும் உண்டு. அவ்வாறு செய்தால் இருதலை நிலைக்குக் கதவு திறந்ததாகும். தொகுதி இங்கே பிழை செய்யவில்லை. தனக்கு இட்ட விதியைக் காத்தது. பட்டியல் என்னும் உடன்பாட்டை மாற்றாமல் உறுப்பினரை மட்டும் மாற்றியதே பிழை.

முன்னேற்பாடு

மாற்றத்திற்கு ஒரு வாரம் முன்பே, பழைய முகவரி எங்கெங்கு எழுதப்பட்டுள்ளது என்னும் அட்டவணை ஒன்றைத் தயாரிக்க வேண்டும். இதனைத் தாளில் எழுதி வைத்தல் நன்று. கணிப்பொறியில் மட்டும் இருந்தால், அக்கணிப்பொறியே அடைய முடியாதபோது பயன்படாது. அட்டவணையில் இடம்பெற வேண்டியவை பின்வருமாறு:

1. ஒவ்வொரு சர்வரின் வலை அட்டைக்கு உரிய முகவரி, மாஸ்க், கேட்வே.

2. பெயரையும் முகவரியையும் இணைத்துக் காட்டும் உள்ளூர்க் கோப்பு. மூன்று சர்வர்களிலும் இது தனித்தனியே உண்டு.

3. தொகுதி மென்பொருளின் உறுப்பினர் பட்டியல். இலினக்ஸ் தொகுதிகளில் பரவலாக வழங்கும் கோரோசிங்க் என்னும் மென்பொருளில் இது ஒரே கோப்பாக, எல்லாச் சர்வர்களிலும் ஒரே வகையாக இருத்தல் வேண்டும். அதிலுள்ள பதிப்பு எண்ணையும் ஒவ்வொரு திருத்தத்தின்போதும் ஒன்று கூட்ட வேண்டும். பழைய அமைப்புகள் சிலவற்றில் சர்வரின் முகவரிக்குப் பதிலாக வலை எண்ணே குறிக்கப்பட்டிருக்கும், ஆங்கு 40.0 என்று எழுதினால் பிழை, 40.64 என்பதே சரி.

4. மிதக்கும் முகவரியும் அதற்குரிய மாஸ்க்கும். இம்மாஸ்க் தனியே எழுதப்படுவதால் எளிதில் மறக்கப்படுகிறது.

5. வேலியிடலுக்குரிய கட்டுப்பாட்டுப் பலகைகளின் முகவரிகள். இவை மறக்கப்பட்டால் அன்று ஒன்றும் தெரியாது. பல திங்கள் கழித்து ஒரு சர்வர் உண்மையிலேயே வீழும் நாளில், அதனை நிறுத்த இயலாமல், அதன் பணியை ஏற்க மற்றவை மறுத்துவிடும்.

6. டி.என்.எஸ். எனப்படும் பெயரேட்டுப் பதிவுகள். ஒருமுறை கேட்டறிந்த முகவரியைப் பிற கணிப்பொறிகள் குறிப்பிட்ட விநாடிகள் வரை நினைவில் வைத்திருக்கும். அக்காலம் 86,400 விநாடியாக, அதாவது ஒரு நாளாக, இருப்பின், மாற்றத்திற்கு இரண்டு நாள் முன்பே அதனை 300 விநாடியாகக் குறைத்துவிடுதல் வேண்டும்.

7. ஃபயர்வால் எனப்படும் தடுப்பரணின் விதிகள். கோரோசிங்கின் நாடித்துடிப்பு வழக்கமாக 5405 என்னும் யு.டி.பி. துறை வழியே செல்கிறது. புதிய சப்நெட்டில் அது திறந்திருத்தல் வேண்டும்.

8. தரவுத்தளத்திலும் கோப்புப் பகிர்விலும் ‘இன்ன முகவரியிலிருந்து வருவோரை மட்டும் ஏற்க’ என்று எழுதப்பட்ட பட்டியல்கள்.

9. நேரம் காட்டும் சர்வர், காப்புப் படி எடுக்கும் சர்வர், கண்காணிப்புக் கருவி, முகவரி பொறிக்கப்பட்ட பாதுகாப்புச் சான்றிதழ்கள் ஆகியன.

10. களத்திலுள்ள கருவிகள். தானியங்கி மழைமானி ஒன்றில் பெயருக்குப் பதிலாக 192.168.10.20 என்னும் எண்ணே பதிக்கப்பட்டிருப்பின், அதனை மாற்ற ஒருவர் நேரே மலைக்கோ அணைக்கட்டுக்கோ செல்ல வேண்டியிருக்கும். இதனைக் கள ஊழியரே அறிவர், அலுவலகத்திலிருப்போர் அறியார். ஆகவே இவ்வட்டவணை அவர்கள் பார்வைக்கும் அனுப்பப்பட வேண்டும்.

மாற்றும் வரிசை

சில மணி நேரம் சேவையை நிறுத்த இயலுமாயின், யாவற்றையும் ஒருங்கே நிறுத்தி மாற்றுவதே எளிய வழி, பாதுகாப்பானதும் அதுவே. காலை 8.30 மணிக்கு அளவுகள் வரத் தொடங்கும் நிலையத்தில், முந்திய இரவு 10 மணிக்குத் தொடங்கி, அதிகாலை 5 மணிக்குள் முடியாவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவது என்று முன்கூட்டியே வரையறுத்துக்கொள்ளலாம். இவ்வரம்பைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்தல் முக்கியம். களைப்புற்ற பின்னர் முடிவு செய்தால், இன்னும் சிறிது நேரம் என்று நீட்டத் தோன்றும்.

முதலில் பதிவுகளின் காப்புப் படியையும், எல்லா அமைப்புக் கோப்புகளின் படியையும் எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். அடுத்து, மழைப்பதிவு முதலிய சேவைகளை முறையாக நிறுத்த வேண்டும். சேவைகள் யாவும் நின்ற பின்னர் வேலியிடலைத் தற்காலிகமாக விலக்கலாம். எழுதுவோர் எவரும் இல்லாத இந்நிலையில் மட்டுமே அது தீங்கற்றது. பின்னர் மூன்று சர்வர்களிலும் தொகுதி மென்பொருளை நிறுத்தி, கணிப்பொறி மறுபடி தொடங்கினாலும் அது தானே தொடங்காதவாறு செய்ய வேண்டும்.

இதன் பிறகே முகவரிகளை மாற்ற வேண்டும். தொலைவிலிருந்து அதே முகவரி வழியாக நுழைந்து அம்முகவரியையே மாற்றுவது, நுனிக்கிளையில் அமர்ந்து அடிக்கிளையை வெட்டுவது போலாகும். மாற்றிய மறுகணம் தொடர்பு அறும். சர்வரின் முன் நேரே அமர்ந்தோ, கட்டுப்பாட்டுப் பலகை வழியாகவோ இதனைச் செய்தல் வேண்டும். பலகைகளின் முகவரிகளை இறுதியில் மாற்றுவதற்கும் இதுவே காரணம். மூன்று சர்வர்களிலும் முகவரி, மாஸ்க், கேட்வே ஆகியன மாறியபின், ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற இரண்டையும் கேட்வேயையும் பிங் கட்டளையால் சோதிக்க வேண்டும். இவை யாவும் விடையளித்தாலன்றி அடுத்த படிக்குச் செல்லலாகாது.

அதன்பின் பெயர்க் கோப்பையும் உறுப்பினர் பட்டியலையும் ஒரு சர்வரில் திருத்தி, அதே கோப்புகளை மற்ற இரண்டுக்கும் படியெடுக்க வேண்டும். மூன்றிலும் தனித்தனியே கையால் எழுதினால் எழுத்துப் பிழைக்கு இடமாகும். பின்னர்த் தொகுதி மென்பொருளை மூன்றிலும் தொடங்கி, உறுப்பினர் மூவரும் தோன்றுகின்றனரா, பெரும்பான்மை நிறைந்துள்ளதா என்று காண வேண்டும். மூவரும் கூடிய பிறகு மிதக்கும் முகவரியை 192.168.40.80 எனவும் அதன் மாஸ்க்கை /26 எனவும் திருத்துக. கட்டுப்பாட்டுப் பலகைகளுக்குப் புதிய முகவரிகளை இட்டு, தொகுதியிலும் அவற்றை எழுதி, வேலியிடலை மீண்டும் நடைமுறைக்குக் கொணர்க. இறுதியாகப் பெயரேட்டைத் திருத்திச் சேவைகளைத் தொடங்குக.

சேவையை நிறுத்தவே இயலாத இடங்களில் மற்றொரு வழி உண்டு. பழைய முகவரியை நீக்காமல், ஒவ்வொரு சர்வருக்கும் புதிய முகவரியையும் கூடுதலாக அளித்து, துடிப்புக்கு இரண்டாவது வழியாக அதனைப் பட்டியலில் சேர்த்தல் அவ்வழி. கோரோசிங்கின் மூன்றாம் பதிப்பு, தொகுதி இயங்கும்போதே இவ்வாறு வழியைச் சேர்க்கவும் நீக்கவும் இடமளிக்கிறது. புதிய வழி நிலையாக இயங்குவதைக் கண்ட பின்னரே பழைய வழியை நீக்க வேண்டும். இரு சப்நெட்டுகளும் சர்வர்களுக்கு ஒரே வேளையில் எட்டினால்தான் இம்முறை கைகூடும்.

சோதனை

சேவை தொடங்கிவிட்டது என்பதனால் பணி முடிந்ததாகாது. நான்கு சோதனைகள் எஞ்சியுள்ளன. ஒன்று, அதே கட்டடத்தின் வேறு சப்நெட்டிலிருந்தும், தொலைவிலுள்ள கிளை அலுவலகத்திலிருந்தும் சேவையை அடைந்து பார்த்தல். மாஸ்க் பிழை இருப்பின் இங்கே வெளிப்படும். இரண்டு, பணியிலுள்ள சர்வரை முறையாக நிறுத்தி, மிதக்கும் முகவரி மற்றொன்றுக்குச் செல்கிறதா என்று காணுதல். மூன்று, ஒரு சர்வரின் வலைக்கம்பியைப் பிடுங்கி, வேலியிடல் உண்மையில் நிகழ்கிறதா என்று காணுதல். நான்கு, மூன்று சர்வர்களையும் ஒருமுறை முழுதாக அணைத்துத் தொடங்குதல். கையால் இட்ட முகவரி கோப்பில் எழுதப்படாமல் இருந்தால், அது அணைத்துத் தொடங்கும்போது மறைந்துபோகும். அவ்விரவே அது தெரிந்துவிடுதல் நன்று. அடுத்த மின்தடையன்று தெரிவது நன்றன்று.

இச்சோதனைகள் முடிந்த பின்னர், தொகுதி மென்பொருள் தானே தொடங்கும் ஏற்பாட்டை மீண்டும் அமைத்து, பெயரேட்டின் காலத்தையும் பழைய அளவுக்கு உயர்த்திவிடலாம். பழைய மிதக்கும் முகவரியை உடனே பிற கருவிக்கு வழங்காமல் சில வாரங்கள் வெறுமையாக விட்டுவைத்தல் வேண்டும். அதனை நாடி வரும் செய்திகளை ரௌட்டரின் பதிவேட்டில் நோக்கினால், திருத்தப்படாத கருவிகள் எவை என்பது தெரியும்.

வகுப்பறைச் செய்முறை

பெரும்பான்மை விதியை ஆசிரியர்கள் கணிப்பொறி இன்றியே விளக்கலாம். மூன்று மாணவரை வகுப்பின் மூன்று மூலைகளில் நிறுத்தி, ஒவ்வொருவரிடமும் மற்ற இருவர் நிற்கும் இடத்தைக் குறித்த சீட்டொன்றைக் கொடுக்கவும். பொதுவான வருகைப் பதிவேடு ஒன்று மேசைமேல் இருக்கட்டும். இருவராவது ஒருவருக்கொருவர் குறிப்புச் சீட்டு அனுப்பி விடை பெற்றால்தான், அவ்விருவருள் ஒருவர் ஏட்டில் எழுதலாம் என்று விதி செய்க. பிறகு ஒரு மாணவரை, சீட்டுகளைத் திருத்தாமலே நான்காம் மூலைக்கு மாற்றுக. குறிப்புகள் வெறும் மூலைக்குச் செல்வதையும், மாறிய மாணவர் எழுத உரிமையின்றி நிற்பதையும், மற்ற இருவர் பணியைத் தொடர்வதையும் வகுப்பு காணும். இரண்டாம் மாணவரையும் அவ்வாறே இடம் மாற்றினால் ஏடு எழுதுவார் இன்றிக் கிடக்கும். மூவரின் சீட்டுகளையும் திருத்திக் கொடுத்த உடனே எழுத்து மீண்டும் தொடங்கும். விதியை நீக்கிவிட்டு ஒருமுறை நடத்திக் காட்டினால், ஒரே வரியில் இருவர் எழுதிய ஏட்டை மாணவர் தாமே கண்டு, விதியின் தேவையை உணர்வர்.